பதில் சொன்னவருக்கும் முடிவு தெரிய வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு ஆராய்ச்சி மாணவர்கள் வராத வருடம் கிடையாது. வேளாண்மை படிப்பவர்கள் இலையையும் மண்ணையும் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். பொருளியல் படிப்பவர்கள் கவாத்துக்கு என்ன கூலி, வியாபாரி எத்தனை நாளில் பணம் தருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பூச்சியியல், சந்தையியல், சமூகப்பணி என்று பல துறைக்காரர்களும் ராயப்பன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார்கள். பந்தலுக்கு அடியில் நின்றபடி நாற்பது ஐம்பது கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொல்கிறோம். மருந்தடிக்கும் நாளாக இருந்தால் ஸ்பிரேயரை நிறுத்திவிட்டுத்தான் சொல்கிறோம். கடன் எவ்வளவு, நகை அடமானத்தில் இருக்கிறதா, மருந்தடித்த அன்று வாந்தி வந்ததா என்பது வரை கேட்கிறார்கள், அதையும் மறைப்பதில்லை. எழுதி முடித்ததும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதன் முடிவு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை.

நான் இந்த ஊரில் பன்னீர் திராட்சை போட்டிருப்பவன். உத்தமபாளையம் கருத்த ராவுத்தர் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு அப்பாவின் பந்தலுக்கே திரும்பி வந்தவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படித்து முடிக்க என்னால் முடியும். அந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன். ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. இன்னும் நிறைய ஆராய்ச்சி இந்தப் பள்ளத்தாக்குக்கு வேண்டும் என்று நினைப்பவன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழு வந்து எங்கள் பகுதித் தோட்டங்களில் மண்ணும் இலைக்காம்பும் எடுத்தது. செம்புச் சத்து மண்ணில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது உயிரான கேள்வி. என் அப்பா காலத்திலிருந்து செம்பு சேர்ந்த போர்டோ கலவை அடித்து வருகிற நிலம் அது. முடிவை அனுப்பி வைக்கிறோம் என்று கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள். வரவில்லை. பிறகு மதுரையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகள்தான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். “மாமா, இது நம்ம ஏரியாதான். சுருக்கம் மட்டும்தான் தெரியுது. முழுசாப் படிக்கணும்னா முப்பது டாலருக்கு மேல கட்டணுமாம்” என்றாள்.

கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய். என் மண்ணில் என்ன இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்ள வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்குக் கட்ட வேண்டிய தொகை. ஆய்வுக்குச் செலவழிந்தது பொதுப்பணம். மண் எங்களுடையது. கட்டுரை எழுதியவருக்கும் அதைச் சரிபார்த்த பேராசிரியர்களுக்கும் அந்தப் பதிப்பகம் சம்பளம் தருவதில்லை என்பதைத் தங்கை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சுருக்கத்தின் கடைசி வரியில், இந்த முடிவுகள் அந்தப் பகுதித் திராட்சை விவசாயிகளுக்குப் பயன்படும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வந்துபோகும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கைக்காசைப் போட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு மேலே இருக்கும் ஏற்பாடுதான் இப்படி. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கொண்டுவந்த விதிப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பு ஓர் ஆய்வுக் கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களின் பதவி உயர்வும் கட்டுரை எண்ணிக்கையோடு முடிச்சுப் போடப்பட்டது. கட்டாயம் வந்ததும் அதைக் காசாக்கும் கடைகளும் வந்துவிட்டன. பணம் கட்டினால் நாலு நாளில் எதையும் அச்சேற்றும் இதழ்கள் பெருகின. 2013-ல் ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அந்த 304 இதழ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. 2022-ல் முனைவர் பட்டத்துக்கான கட்டுரைக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அந்த அங்கீகாரப் பட்டியலுக்குப் பதிலாகக் கொண்டுவந்த தரமான இதழ்களின் பட்டியலையும் 2025-ல் கைவிட்டு, நல்லது கெட்டதை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

தங்கை மகளும் ஓர் இதழுக்குப் பணம் கட்டினாள். தன் கம்மலை வைத்துக் கட்டினாள் என்பது பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் அவளிடம் எழுதுவதற்குக் காசு வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம் என்னிடம் படிப்பதற்குக் காசு கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நிற்பது ஒரே குடும்பம்.

இந்த விதிகள் எத்தனை முறை மாறினாலும், எல்லாவற்றிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: கட்டுரை எந்த இதழில் வந்தது? யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை ஒரு விதியும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. “உங்களுக்குத்தான் பரிந்துரைகள் தமிழில் வருகின்றனவே” என்பார்கள். உண்மைதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் தமிழில் இருக்கிறது. எங்கள் ஊரை ஒட்டிய ஆனைமலையான்பட்டியிலேயே திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போனால் சொல்வார்கள், நான் கேட்டுப் பயன்பெற்றிருக்கிறேன். ஆனால் பரிந்துரை வேறு, ஆய்வின் முடிவு வேறு. பரிந்துரையில் ‘இவ்வளவு அடி’ என்று இருக்கும். எத்தனை கொடியில் பார்த்தார்கள், எந்தப் பருவத்தில், செம்மண்ணிலா கரிசலிலா, பலன் தராத வரிசைகள் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்காது. சந்தேகத்தை எல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டு, துணிச்சலை மட்டும் எங்களுக்கு அனுப்புகிறார்கள்.

விவசாயிக்குத் தேவைப்படுவது அந்தச் சந்தேகம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு ஓய்வு கிடையாது. கவாத்து அடித்தால் நாலு மாதத்தில் வெட்டு. ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு இந்தத் தன்மையும் ஒரு காரணம். மார்கழியில் கவாத்து அடித்துச் சித்திரையில் வெட்டும் பழமும், ஆடியில் கவாத்து அடித்து ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும் பழமும் ஒரே கொடியில் வந்தாலும் இரண்டு வேறு பயிர்கள். கோடைப் பழத்துக்குத் தண்ணீர்தான் கவலை. ஐப்பசிப் பழத்துக்கு அடிச்சாம்பல் நோயும் காய் வெடிப்பும். கோடையில் செய்துபார்த்த ஒரு மருந்துச் சோதனை, ஐப்பசியில் என்னைக் காப்பாற்றும் என்பதற்கு என்ன உறுதி? சோதனை எந்த மாதம் நடந்தது என்ற ஒரே ஒரு வரி எனக்குக் கிடைத்தால் நானே முடிவெடுத்துக்கொள்வேன். அந்த வரி கட்டுரையின் உள்ளே இருக்கிறது. கட்டுரை பூட்டின் உள்ளே இருக்கிறது.

தோற்றுப்போன சோதனைகள் இன்னும் ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. ஒரு வளர்ச்சி ஊக்கியை அடித்துப் பார்த்துப் பலன் இல்லை என்று தெரிந்தால், அதை எழுதிப் போட இதழ்கள் ஆர்வம் காட்டுவதில்லை. எழுதும் மாணவருக்கும் அதில் பெயர் கிடைப்பதில்லை. உலகம் முழுக்க அறிவியலை அரிக்கும் வியாதி இது. 2005-ல் ஜான் அயோனிடிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், வெளியாகும் ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை தவறாக இருக்கவே வாய்ப்பு என்று கணக்குப் போட்டு எழுதியது பெரிய விவாதமானது. சின்னச் சோதனைகள், எதிர்பார்த்த முடிவு வந்தால் மட்டும் எழுதுவது, பணம் கொடுப்பவரின் ஆசை ஆகியவை அவர் சொன்ன காரணங்களில் சில. மருத்துவத்தில் அதற்கு ஒரு விளைவு என்றால் எங்களுக்கு ஒரு விளைவு. பலன் தராது என்று எங்கோ ஒரு நோட்டில் எழுதி மூடிவைக்கப்பட்ட அதே டப்பாவை நாங்கள் கடையில் கடனுக்கு வாங்கி அடிக்கிறோம். கடைக்காரர் பலன் உண்டு என்று சொல்கிறார். இல்லை என்று சொல்ல வேண்டிய தாள் எங்களிடம் வருவதே இல்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எங்கள் தொழிலிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பிரான்சின் மெடோக் பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க விவசாயிகள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்து வைப்பார்கள். நீலம் பாரித்த பழத்தைப் பார்த்தால் விஷம் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். 1882 அக்டோபரில் அந்த வழியாகப் போன போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே ஒன்றைக் கவனித்தார்: அடிச்சாம்பல் நோயில் மற்ற கொடிகளெல்லாம் இலையுதிர்ந்து நிற்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. தோட்டத்து மேலாளரிடம் விசாரித்தார். எர்னெஸ்ட் தாவீத் என்ற அந்த மேலாளரோடு சேர்ந்தே சோதனைகளை நடத்தி, 1885-ல் செய்முறையை அளவுகளோடு எழுதினார். அதை எழுதியது எங்கே? தோட்டக்காரர்கள் படிக்கும் வேளாண் இதழில்.

அந்தப் போர்டோ கலவையைத்தான் இன்றும் நாங்கள் அடிக்கிறோம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலந்ததும் கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்போம். எந்தக் கம்பெனியின் லேபிளும் தேவையில்லை. விவசாயி செய்ததைப் பார்த்துப் பேராசிரியர் கற்றார். பேராசிரியர் கண்டதை விவசாயிக்கே திருப்பிச் சொன்னார். போன பொருள் திரும்பி வந்ததால்தான் உலகத்துத் திராட்சை பிழைத்தது. இத்தனை வருடச் செம்பு மண்ணை என்ன செய்திருக்கிறது என்பது அதே கதையின் அடுத்த பாகம். அதுதான் முப்பது டாலருக்குப் பின்னால் கிடக்கிறது.

மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 6,000 கோடி ரூபாய். 30 பெரிய பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் 6,300-க்கு மேற்பட்டவற்றில் இருப்பவர்கள் படிக்கலாம். கிராமத்துப் பிள்ளை அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் இதில் லாபம் உண்டு, நான் வரவேற்கிறேன். ஆனால் பணம் எல்லார் வரியிலிருந்தும் போகிறது. கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை. பொது நூலகங்கள் வழியாகப் பிற்பாடு தரலாம் என்ற பேச்சு இருக்கிறது. பேச்சாக இருப்பதைத் தமிழ்நாட்டிலிருந்து தொடங்கலாம். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல், அன்றைய சென்னை மாகாணத்தில். அதற்குப் பாடுபட்டவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூல் பயன்பாட்டுக்கே என்பது அவர் வகுத்த முதல் விதி. அந்தச் சட்டத்தின் பெயரால் இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். அந்த நூலகத்தில் ஒரு கணினியை வைத்து இந்த இதழ்களைத் திறந்துவிட்டால், எங்கள் ஊர்ப் பட்டதாரிப் பிள்ளைகளே படித்து எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

பூட்டைத் திறப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கான பாடம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத்துக்கு நீலகிரியின் சிங்காரா கிடைக்காது என்று 2009-ல் ஆனபோது, மாற்றாகப் பேசப்பட்ட இடம் எங்கள் பக்கத்துச் சுருளியாறு. அதுவும் காடு என்பதால் கடைசியில் தேவாரத்தை அடுத்த பொட்டிபுரத்து மலை தேர்வானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் காந்த இரும்பாலான கருவி. அந்தக் கருவியால் என்னென்ன கண்டறியலாம் என்று விஞ்ஞானிகள் எழுதிய விரிவான அறிக்கை அதே 2015-ல் யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வந்தது. திறந்த அறிவியலுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். ஆனால் பொட்டிபுரத்தில் மாடு மேய்ப்பவருக்கு அந்த அறிக்கையால் என்ன ஆனது? அவருடைய கேள்விகள் வேறு. வெடி வைத்தால் கிணறு வற்றுமா, மலைக்குப் போகிற பாதை அடைபடுமா, அணுக்கழிவு வருமா. தமிழில் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்தவரை, அவை மும்முரமானது எதிர்ப்பு கிளம்பிய பிறகு. இடத்தை முடிவு செய்துவிட்டு விளக்க வருகிறவரை எந்த ஊரும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

பிறகு நடந்ததெல்லாம் நீதிமன்றத்தில். கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டி 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் சிறப்பு நேர்வு என்று மீண்டும் அனுமதி. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இந்தத் திட்டத்துக்கு இடம் தர முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தக் காட்டை நினைத்தால் அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. அதே சமயம், 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த நாடு இது. அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பெருமை பொட்டிபுரத்துக்குத் தெரியவே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வதந்தியும் நியாயமான பயமும் ஒன்றாகக் கலந்துபோனதற்கு, சொல்ல வேண்டியவர்கள் நேரத்தில் சொல்லாததே காரணம்.

ஆய்வுக்கு உட்படுபவர்கள் நிபந்தனை போட முடியுமா என்றால், போட்டிருக்கிறார்கள். நமீபியாவின் சான் பழங்குடி மக்களில் நால்வரின் மரபணு வரிசை 2010-ல் உலகப் புகழ்பெற்ற இதழில் வெளியானது. எழுத்தறிவில்லாத முதியவர்களிடம் எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள், எங்கள் தலைவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று சான் அமைப்புகள் எதிர்த்தன. 2017 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தாங்களே ஓர் ஆய்வு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான நடைமுறை என்ற ஐந்தின்மேல் நிற்கும் நெறிமுறை அது. எங்களுக்குப் புரியும் மொழியில் பேசுங்கள், பல்கலைக்கழக மொழியில் வேண்டாம் என்பதும் கண்டதைத் திரும்ப வந்து சொல்லுங்கள் என்பதும் அதில் உண்டு. கலஹாரிப் பாலைவனத்துக்காரர்கள் செய்ததைக் கம்பம் பள்ளத்தாக்கில் செய்ய என்ன தடை?

தமிழில் எழுத மாணவர்களுக்கு நேரம் இல்லை என்று தங்கை மகளே சொன்னாள். நான் கேட்பது இரண்டு பக்கம். ஆய்வேட்டின் முழுப் பிரதியை மின்வடிவில் ஒப்படைத்து, ‘சோத்கங்கா’ என்ற பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்ற விதி 2009-லிருந்து இருக்கிறது. இன்று அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம். அப்படி ஒரு நல்ல காரியத்தை ஒரு விதியால் செய்ய முடிந்தது என்றால், மனிதர்களையோ அவர்கள் நிலத்தையோ ஆராய்ந்த ஒவ்வோர் ஏட்டுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் சேர்த்து வை என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்னொரு விதி போடலாம். வாய்மொழித் தேர்வுக்கு முன்பு அது சம்பந்தப்பட்ட ஊராட்சிக்கு வந்து சேர்ந்ததா என்று வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் எனக்கு மனமில்லை. வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிராம சபைத் தீர்மானத்துக்குப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை என்று தெரியும். என் பந்தலுக்குள் யார் வரலாம் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டு. தோட்டங்களிலும் வீடுகளிலும் ஆய்வுக்கு வருபவர் முதலில் ஊராட்சியில் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும் என்பது தீர்மானம். தாளில் நாலு விஷயம்: எதைத் தேடி வந்தார், யார் பணத்தில் வந்தார், முடிவைத் தமிழில் எப்போது தருவார், பலன் இல்லை என்று தெரிந்தாலும் அதையும் தருவாரா. நாலாவதை எடுத்துவிடலாம், மாணவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அதை எடுக்க நான் சம்மதிக்கவில்லை.